உடைந்த தட்டுகளை எண்ண வேண்டாம்: ஒரு பழைய ஹாலிவுட் குட்டிப் படத்தை எடைபோடுவது எப்படி

சாப்ளினைப் பார்த்து முடித்து, கீட்டனுக்கு வந்து, லாரல்-ஹார்டியில் கொஞ்ச நாள் தங்கி, அதற்கப்புறமும் ஆசை தீராமல் பழைய ஹாலிவுட் காமெடிக்குள் இறங்குகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் தலை சுற்றும். இருபது நிமிடப் படங்கள் குவியல் குவியலாகக் கிடக்கும். அவற்றில் பெரும் பங்கு வீட்டுக்குள்ளேயே நடப்பவை: சந்தேகப்படும் மனைவி, பொய் சொல்லி மாட்டிக்கொள்ளும் கணவன், விருந்துக்கு வரும் முதலாளி, வந்தால் போகவே மாட்டேன் என்கிற மாமியார், ஒழுகும் குழாய். நடிகர் யாரென்று தெரியாது, இயக்குநர் பெயர் கேள்விப்பட்டதில்லை, விமர்சனம் என்று தேடினால் ஒன்றுமில்லை. அப்போது இது நல்ல படமா, சும்மா ஓடிய படமா என்று எதை வைத்துச் சொல்வது?

வழக்கமாக நாம் கையில் எடுக்கும் அளவுகோல்கள் இரண்டு. ஒன்று, யார் நடித்தது என்பது. பெரிய பெயர் இருந்தால் சுமாரான படத்துக்கும் சலுகை கிடைத்துவிடும். இன்னொன்று, எவ்வளவு உடைந்தது, எத்தனை பேர் விழுந்தார்கள் என்கிற கணக்கு. ஸ்லாப்ஸ்டிக் என்றாலே அடிதடிதானே என்று நினைத்துக்கொண்டு பார்ப்பதால் வரும் பழக்கம் இது. என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது அளவுகோல்தான் அதிகம் ஏமாற்றுகிறது. இந்த வகைப் படத்தில் பார்க்கவேண்டியது, ஒரே ஒரு சங்கடத்தை எவ்வளவு நேரம் உயிரோடு பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான். இதைச் சொல்ல 1928 ஜனவரியில் வந்த 'பாஸ் த கிரேவி' என்ற படத்தை எடுத்துக்கொள்கிறேன். மவுனப் படம், இரண்டு ரீல், தயாரிப்பு ஹால் ரோச். மாக்ஸ் டேவிட்சன் என்ற நடிகரின் படம். இந்தப் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, அமெரிக்காவிலேயே பலருக்குத் தெரியாது.

முதலில் இந்தப் படங்கள் எதற்காக எடுக்கப்பட்டன என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். அன்றைய அமெரிக்கத் தியேட்டரில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தால் முழுநீளப் படத்துக்கு முன்னால் செய்திப்படம், கார்ட்டூன், ஒரு குட்டிக் காமெடி என்று வரிசையாக வரும். குட்டிக் காமெடி பெரும்பாலும் இரண்டு ரீல். ஒரு ரீல் என்பது சுமார் 1,000 அடி ஃபிலிம், ஆக இரண்டும் சேர்ந்து இருபது நிமிடத்துக்கு அப்படி இப்படி. யாரும் இதற்காக டிக்கெட் வாங்குவதில்லை, விளம்பரத்தில் மூலையில் ஒரு வரி வரும். ஆனால் வாராவாரம் புதிதாக ஒன்று வேண்டும், எனவே ஸ்டூடியோக்கள் இவற்றைத் தொழிற்சாலை மாதிரி தயாரித்துத் தள்ளின. மாக் சென்னட் என்ற தயாரிப்பாளரின் கூட்டம் வேகத்தை நம்பியது: ஓடு, விழு, துரத்து, கார் மோதட்டும். கல்வர் சிட்டியில் இருந்த ஹால் ரோச் ஸ்டூடியோ 1920களின் நடுவில் வேறு பக்கம் திரும்பியது. லியோ மெக்கேரி அங்கே சார்லி சேஸ் என்ற காமெடி நடிகரின் படங்களை இயக்கிவிட்டு, அப்புறம் மற்ற படங்களையும் மேற்பார்வை பார்க்க ஆரம்பித்தவர். வேகத்தைக் குறை, ஒரு அடி விழுந்தால் அது வாங்கியவன் முகத்தில் உறைக்கும்வரை காத்திரு என்பது அந்த இடத்தின் பாணியாகவே ஆனது. லாரலும் ஹார்டியும் ஜோடியானதும் இதே சமயத்தில், இதே மனிதரின் பார்வையில்தான். 'பாஸ் த கிரேவி'யை இயக்கியவராகப் படத்தில் பெயர் வருவது ஃபிரெட் கியோல். மேற்பார்வை மெக்கேரி.

கதை இவ்வளவுதான். மாக்ஸுக்கும் பக்கத்து வீட்டு ஷுல்ட்ஸுக்கும் ஆகாது. ஷுல்ட்ஸ் சேவல் வளர்க்கிறவர், அதுவும் பரிசு வாங்கிய சேவல், பெயர் பிரிகம். (பல மனைவிகளோடு வாழ்ந்த, மார்மன் என்ற மதப் பிரிவின் தலைவர் பிரிகம் யங்கை அன்றைய அமெரிக்கர் எல்லோருக்கும் தெரியும், பெயரைக் கேட்டதுமே தியேட்டரில் ஒரு சிரிப்பு கிளம்பியிருக்கும்.) மாக்ஸுக்குத் தோட்டம் உயிர், சேவலுக்கு அந்தத் தோட்டம் தீவனம். இதற்கிடையில் மாக்ஸின் மகளும் ஷுல்ட்ஸின் மகனும் காதலிக்கிறார்கள், கல்யாணம் என்றாகிறது, பெரியவர்கள் இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு சமாதானமாகிறார்கள். அந்தச் சந்தோஷத்தில் மாக்ஸ் வீட்டில் கோழி விருந்து. கோழி வாங்க மாக்ஸ் தன் மகன் இக்னாட்ஸிடம் இரண்டு டாலர் கொடுத்து அனுப்புகிறார். பையன் பணத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிரிகமைப் பிடித்துவிடுகிறான். சேவல் வறுபட்டு மேஜைக்கு வருகிறது. காலில் 'முதல் பரிசு' என்ற பட்டை வறுபடாமல் அப்படியே இருக்கிறது. சாப்பிட உட்கார்ந்திருக்கும் விருந்தாளி, அந்தச் சேவலின் சொந்தக்காரர்.

இனிமேல்தான் படம். அதுவரை நடந்ததெல்லாம் ஐந்து பேரை ஒரு மேஜையைச் சுற்றி உட்காரவைக்கச் செய்த ஏற்பாடு. அந்த ஐந்து பேருக்கும் என்ன தெரியும் என்பதைக் கவனித்துப் பாருங்கள், படத்தின் வேலைப்பாடு முழுவதும் அதில்தான் இருக்கிறது. பையனுக்குத் தெரியும், பார்க்கிற நமக்கும் தெரியும். அப்புறம் பட்டையைப் பார்த்து இளஞ்ஜோடிக்குத் தெரிகிறது. மாக்ஸுக்குத் தெரியாது, அவர் விருந்து கொடுக்கும் பெருமிதத்தில் மிதக்கிறார். ஷுல்ட்ஸுக்குத் தெரியவே கூடாது, ஆனால் அவர்தான் ரசித்து ருசித்துச் சாப்பிடுகிறார். தெரிந்தவர்கள் தெரியாத ஒருவருக்கு, தெரியக் கூடாத ஒருவரின் கண் முன்னால், விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். வாய்விட்டுச் சொல்ல முடியாது. எழுந்து வெளியே கூப்பிடலாமே என்று தோன்றும், அப்படியெல்லாம் லேசில் எழுந்து வருகிற ஆளா மாக்ஸ்!

ஆகவே நடித்துக் காட்டுகிறார்கள். மகளும் மாப்பிள்ளையும் இறக்கை அடிக்கிறார்கள், சேவல் நடை நடக்கிறார்கள், கழுத்து வெட்டுவதைக் காட்டுகிறார்கள். ஷுல்ட்ஸ் திரும்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார வேண்டும். நண்பர்கள் கூடினால் சினிமாப் பெயரைச் சைகையில் காட்டி விளையாடுவோமே, அதில் எதிரே இருக்கிறவனுக்குப் புரியவே புரியாதபோது நமக்கு வரும் ஆத்திரம் இருக்கிறதே, அதைப் பத்து மடங்காக்கி, தோற்றால் கல்யாணம் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாக்ஸ் குழம்புகிறார், எரிச்சலாகிறார், தப்பாகப் புரிந்துகொள்கிறார். ஒவ்வொரு முயற்சியும் முந்தியதைவிடத் தெளிவாக இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் அவருடைய மண்டைக்குள் போகாமல் திரும்பி வருகிறது.

இங்கே ஒரு விஷயம் என்னை எப்போதும் ஆச்சரியப்பட வைக்கும். மவுனப் படத்தில் எல்லோரும் எப்போதும் சைகைதான் செய்கிறார்கள், அது அந்தக் கலையின் கட்டாயம். பேச்சு வேண்டுமென்றால் வசனத்தை எழுத்தில் காட்டும் டைட்டில் கார்டு போடுவார்கள். இந்தப் படத்தில் மட்டும் கதாபாத்திரங்களுக்கே பேச முடியாத நிலை. சத்தம் வராததால் சைகை செய்கிறார்கள் என்றில்லாமல், சத்தம் போட்டால் கெட்டது குடி என்பதால் செய்கிறார்கள். அதாவது ஊடகத்தின் குறையைக் கதையே காரணமாக எடுத்துக்கொள்கிறது. இதே கதையைப் பேசும் படமாக எடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கிசுகிசுப்பு வரும், இருமல் வரும், கத்தியும் முள்கரண்டியும் சத்தம் போடும், சிரிப்பும் வரும்தான். ஆனால் சைகைக்கு இருக்கும் அந்த அவசரம் பாதியாகிவிடும். இத்தனைக்கும் பேசும் படம் வாசலில் வந்து நின்றுகொண்டிருந்த நேரம் அது. அந்த அலையைத் தொடங்கிவைத்த 'த ஜாஸ் சிங்கர்' வெளியானது 1927 அக்டோபரில்.

இப்போது உடைப்புக் கணக்குக்கு வருவோம். இதே ஸ்டூடியோவிலிருந்து, இதே மெக்கேரியின் மேற்பார்வையில், 1927 டிசம்பர் கடைசியில் லாரல்-ஹார்டியின் 'த பேட்டில் ஆஃப் த செஞ்சுரி' வெளியானது. தெருவே கிரீம் பை (pie) என்ற பலகாரத்தை எடுத்து ஒருவர் மேல் ஒருவர் எறிந்துகொள்ளும் படம். படப்பிடிப்பில் 3,000 பை செலவானது என்று சொல்வார்கள். அது பிரமாதமான காட்சிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சில நாள் இடைவெளியில் வந்த அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்று ஆயிரக்கணக்கான பைகளைச் செலவழித்து எட்டும் உச்சத்தை இன்னொன்று ஒரு வறுத்த சேவலை வைத்துக்கொண்டு எட்டிவிடுகிறது. பைச் சண்டையிலும் உண்மையில் சிரிக்க வைப்பது எண்ணிக்கை இல்லை, ஒவ்வொரு புது ஆளும் சண்டைக்குள் இழுக்கப்படும் விதம்தான். மெக்கேரி கூட்டத்துக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. அதை நகல் எடுத்தவர்களுக்குப் பை மட்டும்தான் கண்ணில் பட்டது, அதனால்தான் பின்னால் வந்த எத்தனையோ காமெடிகளில் முகத்தில் கேக் அப்பியும் ஒரு சிரிப்பும் வருவதில்லை.

சரி, நடிகர்கள். மாக்ஸ் டேவிட்சன் 1875இல் பெர்லினில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்து மேடையில் நடித்தவர். இயக்குநர் கிரிஃபித்தின் 'இன்டாலரன்ஸ்' (1916) படத்தில் அன்பான அண்டை வீட்டுக்காரராக வருவாரே, அவர்தான். ரோச் அவரை வைத்துத் தனி வரிசை ஆரம்பித்தபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். குள்ள உருவம், தாடி, கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு நிற்கும் நிற்பு. அவருடைய முத்திரை என்று ஒன்று உண்டு: எல்லாம் போச்சு என்று உறைத்ததும் ஒரு கையைக் கன்னத்தில் வைத்து, கண்ணை மேலே உருட்டி, தலையை மெல்ல ஆட்டுவார். குரலே இல்லாத படத்தில் அந்தப் பெருமூச்சு நம் காதில் விழும். விழுந்து புரளும் காமெடியனாக அவர் பெரிய ஆள் கிடையாது, வயதும் அதற்கு இடம் தராது. புரியாமல் இருப்பதை நடிப்பதில்தான் அவர் கெட்டிக்காரர். புரியாத முகம் என்றால் பலர் வாயைப் பிளப்பார்கள். இவர் அப்படிச் செய்ய மாட்டார், தனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும் முகத்தைக் காட்டுவார், அது தப்பான புரிதல் என்பது நமக்குத் தெரியும்.

இக்னாட்ஸாக வரும் ஸ்பெக் ஓ'டானல் முகம் நிறைய மச்சப் புள்ளிகளோடு, பார்த்தாலே இவன் ஏதோ செய்திருக்கிறான் என்று தோன்றும் பையன். மவுனப்பட நடிகை மேரி பிக்ஃபோர்டின் 'ஸ்பாரோஸ்' படத்திலும் வில்லன் வீட்டுப் பிள்ளையாக வந்து எரிச்சலூட்டுவான். மகளாக வரும் மார்த்தா ஸ்லீப்பரைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 1910இல் பிறந்தவர், அப்படியானால் இந்தப் படத்தில் இன்னும் இருபதைத் தொடவில்லை. அந்தக் காலத்துக் குடும்பக் காமெடிகளில் பெண்களுக்குக் கொடுத்த வேலை இரண்டுதான்: மனைவியானால் கையில் உருட்டுக்கட்டை, காதலியானால் கண்ணைப் படபடத்துக்கொண்டு ஓரமாக நிற்பது. இந்தப் படத்தில் மாக்ஸ் மனைவியில்லாத அப்பா என்பதால் உருட்டுக்கட்டைக்கே இடமில்லாமல் போனது, காதலியோ மாப்பிள்ளைக்குச் சரிசமமாக, சில இடங்களில் அவனைவிட வெட்கமில்லாமல், சேவலாக மாறுகிறார். படத்தின் சிரிப்பில் பாதி அவர் உடம்பிலிருந்து வருகிறது. பின்னால் அவர் சினிமாவை விட்டு விலகி, பேக்லைட் என்ற பிளாஸ்டிக்கில் விளையாட்டுத்தனமான நகைகள் வடிவமைத்துப் பெயர் வாங்கினார். நகைகளைச் சேகரிக்கிறவர்களுக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும், நடிகை என்பது தெரிந்திருக்காது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். தோட்டத்துச் சண்டையில் கழியும் ஆரம்பப் பகுதி சாதாரணம்தான், யார் எடுத்தாலும் அப்படித்தான் எடுத்திருப்பார்கள். பெர்ட் ஸ்ப்ராட்டே நடித்த ஷுல்ட்ஸ் ஒரே சுருதி: பெருமை, இல்லாவிட்டால் கோபம். உண்மை வெளிப்பட்டதும் அப்புறம் துரத்தல்தான். இவ்வளவு நுணுக்கமாகக் கட்டிய மேஜைக் காட்சிக்குத் தகுந்த முடிவு அதில்லை, எப்படி முடிப்பது என்று தெரியாதபோது இந்தத் தொழிலில் எல்லோரும் கையாண்ட பழைய உபாயம்.

இன்னொரு கேள்வி இதைவிடக் கனமானது. டேவிட்சனின் பாத்திரம் மேடைக் காமெடியில் நெடுநாள் ஓடிய யூதக் கோமாளி வார்ப்பிலிருந்து வந்தது. காசில் கறார், பிள்ளைகளுக்கு வரன் தேடும் தவிப்பு, தோள் குலுக்கல் எல்லாம் அந்தச் சீதனம்தான். யூதரே யூதரை நடித்தார், அன்பாகத்தான் நடித்தார் என்று ஒரு பக்கம் சொல்வார்கள், அதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் இந்த வரிசையின் எல்லாப் படங்களையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. சிலவற்றில் டைட்டில் கார்டுகளே இனத்தை வைத்துக் கேலி செய்கின்றன, அவற்றை இன்று பார்க்கும்போது நெளியத்தான் வேண்டியிருக்கிறது. 'பாஸ் த கிரேவி'யில் அந்தச் சாயம் மெலிந்திருக்கிறது. மாக்ஸ் யூதராக இல்லாமல் வேறு யாராக இருந்தாலும் மேஜைக் காட்சி அப்படியே நிற்கும், ஏனென்றால் சிரிப்பு அவருடைய இனத்தில் இல்லை, அவர் மாட்டிக்கொண்ட நிலைமையில் இருக்கிறது. பழைய காமெடிகளை இன்றைக்கு எடைபோடும்போது நான் இதைத்தான் செய்து பார்ப்பேன்: அந்தச் சாயத்தை மனசுக்குள் கழுவிவிட்டுப் பார்ப்பேன், மிச்சம் ஒன்றும் இல்லையென்றால் படமும் இல்லை.

டேவிட்சன் வரிசை 1927இல் தொடங்கி 1928இலேயே முடிந்துவிட்டது. அதன்பின் பேசும் படங்களில் கடைக்காரராகவும் கூட்டத்தில் ஒருவராகவும் துண்டு வேடங்கள், 1950இல் மரணம். இத்தனை நல்ல படம் ஏன் மறந்துபோனது என்றால் காரணம் எளிது. ஒலி வந்தவுடன் மவுனக் குட்டிப் படங்களுக்குச் சந்தையே இல்லாமல் போயிற்று. லாரலும் ஹார்டியும் பேசும் படத்திலும் கொடிகட்டிப் பறந்ததால் அவர்களுடைய மவுனப் படங்களும் கூடவே தப்பின. டேவிட்சனைத் தூக்கிக்கொண்டு வர அப்படி யாரும் இல்லை. அமெரிக்காவில் தேசியத் திரைப்படப் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது, 1989 முதல் ஆண்டுக்கு 25 படங்களைப் பாதுகாக்கத் தகுந்தவை என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகம் அதில் சேர்க்கிறது. 1997இல் லாரல்-ஹார்டியின் 'த மியூசிக் பாக்ஸ்' அதில் இடம்பெற்றது, அதற்கு அடுத்த ஆண்டு 'பாஸ் த கிரேவி'. பியானோவைப் படியில் ஏற்றிய படத்தை உலகமே அறியும், சேவலைப் பதிவேட்டில் ஏற்றிய பிறகும் பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பார்க்கிற விதமும் தீர்ப்பை மாற்றும். ரோச் ஸ்டூடியோ தன் படங்களை வெளியிடுவதற்கு முன் தியேட்டரில் போட்டு, எங்கே சிரிக்கிறார்கள் என்று பார்த்து, அதற்கேற்ப வெட்டி ஒட்டியது. அதனால் சிரிப்பு அடங்கட்டும் என்று சில இடங்களில் வேண்டுமென்றே நேரம் விட்டிருப்பார்கள். தனியாகக் கைபேசியில் பார்த்தால் அந்த இடம் தொய்வாகத் தெரியும், படத்தின் மேல் பழி விழும். நான்கு பேர் கூட இருந்தால் அதே இடம் சரியாக நிரம்பும். அப்புறம் இசை. மவுனப் படத்துக்குப் பின்னாளில் சேர்த்த பின்னணியில் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு டிங், ஒரு டொய்ங் போட்டிருந்தால் தயவுசெய்து ஒலியை அணைத்துவிடுங்கள். மேஜைக் காட்சிக்கு அந்த டொய்ங் எமன்.

இதே அளவுகோலை மற்ற படங்களில் வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். டேவிட்சனின் 'கால் ஆஃப் த குக்கூ' (1927) கொஞ்சம் கூடுதலாகப் பேசப்படும் படம், காரணம் அதில் லாரல், ஹார்டி, சார்லி சேஸ், ஜேம்ஸ் ஃபின்லேசன் எல்லோரும் பக்கத்து வீட்டுப் பைத்தியக்காரர்களாகத் தலைகாட்டுகிறார்கள். மாக்ஸ் அவர்களிடமிருந்து தப்பிக்க வீட்டை மாற்றிக்கொள்கிறார், போன வீடோ தரை சாய்வாக, குழாயும் மின்சாரமும் ஒன்றோடொன்று குழம்பிப்போய் இருக்கிறது. ஒவ்வொரு அறையிலும் ஒரு விபத்து, ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சிரிப்புதான். ஆனால் மூன்றாவது அறை முடிந்ததும் நாலாவதிலும் ஏதோ உடையும் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது, எது உடைந்தால் என்ன என்றும் ஆகிவிடுகிறது. பெரிய பெயர்களும் இருக்கின்றன, உடைப்பும் இருக்கிறது, இருந்தும் 'பாஸ் த கிரேவி'யின் பக்கத்தில் வைக்க முடியாது.

மாறாக, சேஸும் மெக்கேரியும் சேர்ந்து செய்த 'மைட்டி லைக் எ மூஸ்' (1926) தாராளமாகப் பக்கத்தில் நிற்கும். பல் துருத்திய கணவன், மூக்கு பெரிதான மனைவி, இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் சரிசெய்துகொண்டு, வழியில் சந்தித்து, யாரென்றே அடையாளம் தெரியாமல் சரசமாடுகிறார்கள். கதை நம்ப முடியாதது, ஆனால் அந்த ஒரு ரகசியத்தைக் கடைசிவரை விடுவதில்லை. முடிவில் துரத்தலுக்கு ஓடாமல், கணவனே தானும் கள்ளக்காதலனுமாக மாறி மாறி வேஷம் போட்டுத் தன்னோடு தானே சண்டை போடுகிறான். முடிவை மட்டும் கேட்டால் இது சேவல் படத்தைவிட ஒரு படி மேல்தான். மேஜைக் காட்சியின் இறுக்கத்துக்கு அங்கே இணையில்லை என்பதால் மொத்தத்தில் நான் இன்னும் சேவல் பக்கம்தான். ஐரோப்பிய ஆவணக் காப்பகங்கள் கூட்டாக நடத்தும் எடிஷன் ஃபிலிம்மியூசியம், டேவிட்சன் படங்களைத் தொகுத்து டிவிடியாக வெளியிட்டிருக்கிறது. கிடைத்தால் வரிசையாகப் பார்க்காமல் நேராக இதைப் போடுங்கள். மற்றவை அப்புறம்.